மலச்சிக்கலுக்கு விற்கப்படும் பெயரில்லாப் பொடி: ஓர் எச்சரிக்கை

மூட்டுவலிக்காக டிரமடால் மாத்திரை சாப்பிடத் தொடங்கிய சில வாரங்களிலேயே என் அம்மாவுக்கு மலம் இறுகி, வாரத்திற்கு இரண்டு முறை கழிவதே பெரும்பாடாகிவிட்டது. உறவினர் ஒருவர் சொன்னதன் பேரில், எங்கள் ஊரில் மூலிகைக் கடை நடத்தும் ஒருவரிடம் அவர் 'குடல் சுத்திப் பொடி' வாங்கினார். வேறு என்ன மாத்திரைகள் சாப்பிடுகிறார் என்று கடைக்காரர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "பக்க விளைவே கிடையாதும்மா, ஆயுசுக்கும் சாப்பிடலாம்" என்று மட்டும் சொன்னார். டப்பாவின் மேல் ஓர் இலைப் படமும் கைபேசி எண்ணும் இருந்தன. மூலப்பொருள்களின் பெயரோ, உரிம எண்ணோ, காலாவதித் தேதியோ இல்லை.

சில நாள்களில் வயிறு முறுக்கித் தண்ணீராகப் போகத் தொடங்கியது. கடைக்காரரிடம் கேட்டதற்கு, "நச்சு வெளியேறுது, பயப்படாதீங்க" என்றார். நிறுத்தினால் மீண்டும் சிக்கியது. அதற்கு, "ஒரு ஸ்பூனை ரெண்டாக்குங்க" என்றார். ஒருநாள் காலையில் கால்கள் துவண்டு அம்மாவால் கட்டிலை விட்டு எழ முடியவில்லை. இரத்தத்தில் 3.5க்குக் குறையக் கூடாத பொட்டாசியம் 2.6 ஆக இருந்தது.

அழுத்திக் கேட்டபோதுதான், பொடியில் பெரும்பங்கு நிலாவாரை இலை என்பதைக் கடைக்காரர் ஒப்புக்கொண்டார். நிலாவாரை நல்ல மருந்துதான். அளவோடு, சில நாள்களுக்கு மட்டும் கொடுக்க வேண்டியது. பெருங்குடலைத் தூண்டிச் சுருங்கச் செய்யும் அது, நாள்கணக்கில் பேதியாக்கினால் பொட்டாசியத்தையும் வெளியேற்றிவிடும். இரத்த அழுத்தத்திற்காக அம்மா சாப்பிடும், சிறுநீரைப் பெருக்கும் மாத்திரையும் அதையே செய்யும். பொட்டாசியம் குறைந்தால் குடல் தசையும் சோர்ந்து மலச்சிக்கல் கூடும் என்பதால், இரண்டாவது ஸ்பூன் நோயை வளர்க்கவே செய்தது.

குடலின் அசைவை மந்தமாக்கிய டிரமடாலை மருத்துவர் நிறுத்தி, வலிக்கு வேறு மாத்திரையும், மலத்தில் நீரைத் தக்கவைத்து இளக்கும் லாக்டுலோஸ் சிரப்பும் கொடுத்தார். இத்தகைய வலி மாத்திரையால் வந்த சிக்கலுக்கு இசப்கோல் போன்ற நார்ப்பொடி பொருந்தாது. போதிய தண்ணீர் குடிக்காவிட்டால் அது அடைப்பாகவே மாறக்கூடும் என்றும் விளக்கினார். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளாலும் தைராய்டு குறைவாலும்கூட மலச்சிக்கல் வரும் என்பதால் அவற்றையும் பார்த்தார். ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக மலச்சிக்கல் தொடங்கினாலோ, மலத்தில் இரத்தம், எடைக் குறைவு, இரத்தசோகை தென்பட்டாலோ, குடல் புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்யும்வரை எந்தப் பொடியையும் நம்பி நாளைக் கடத்தாதீர்கள்.

சித்த, ஆயுர்வேத மருந்துகளின் லேபிளிலும் மூலப்பொருள்களும் உரிம எண்ணும் இருக்க வேண்டும் என்பது 1945 மருந்து விதிகளில் உள்ளது. அவை இல்லாத டப்பாவைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.