அனுபவச் சான்றிதழ் முதல் காய்ச்சல் சீட்டு வரை: பொய்யை விலைக்கு விற்பவர்கள், ஆள் எடுப்பவர்கள் கவனம்

ஈரோடு, திருப்பூர், கோவைப் பக்கம் சின்ன அலுவலகமோ கடையோ வைத்து வேலைக்கு ஆள் எடுக்கிறவர்கள் தயவுசெய்து இதை முழுசாகப் படியுங்கள். வேலை கேட்டு வருபவர் நீட்டும் அனுபவச் சான்றிதழ், சம்பளச் சீட்டு, அதில் உள்ள எண்ணுக்கு நீங்கள் போன் போட்டால் எடுத்துப் பேசும் "ஹெச்.ஆர். மேனேஜர்", வேலையில் சேர்ந்தபின் லீவுக்கு வந்து சேரும் டாக்டர் சர்ட்டிஃபிகேட், இத்தனையும் ஒரே இடத்தில் காசுக்குக் கிடைக்கிறது. இதில் பணமும் பெயரும் போனது எனக்கு.

ஈரோட்டில் வரிக்கணக்கு அலுவலகம் நடத்துகிறேன். மஞ்சள் மண்டிக்காரர்கள், தறி போட்டிருப்பவர்கள், ஜவுளி வியாபாரிகள் என்று நம்பி வருகிறவர்களுக்கு மாதாமாதம் ஜிஎஸ்டி தாக்கல் செய்து கொடுப்பதுதான் தொழில். சென்ற வருடம் ஒரு தம்பியை வேலைக்கு எடுத்தேன். சென்னையில் ஒரு நிறுவனத்தில் மூன்று வருடம் ஜிஎஸ்டி பார்த்ததாகச் சான்றிதழ். லெட்டர்ஹெட், சீல், கையெழுத்து, சம்பளச் சீட்டு எல்லாம் சுத்தமாக இருந்தன. அதிலிருந்த எண்ணுக்குப் பேசினேன். நிதானமான குரல். "ரொம்ப சின்சியர் சார். விடவே மனசில்லாமத்தான் ரிலீவ் பண்ணோம்" என்றார் எடுத்தவர்.

வேலையில் உட்கார்ந்த பிறகு கிரெடிட் நோட்டை (விற்ற பில்லின் தொகையைக் குறைக்கும் சீட்டு) எங்கே காட்டுவது என்பதே அவருக்குத் தெரியவில்லை. "அங்க வேற சாஃப்ட்வேர் சார்" என்றார். சொல்லிக் கொடுத்தோம். பிறகு 10ஆம் தேதி காய்ச்சல். அடுத்த மாதம் 19ஆம் தேதி அம்மை. ஒவ்வொரு முறையும் வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப், ஐந்து நாள் ஓய்வு தேவை என்று.

இந்தத் தேதிகளின் கனம் இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். விற்பனை பில்களைக் காட்டும் ஜிஎஸ்டிஆர் 1 போட வேண்டியது அடுத்த மாதம் 11ஆம் தேதிக்குள், வரியைக் கணக்கிட்டுக் கட்டும் 3பி 20ஆம் தேதிக்குள். விற்றவர் ஜிஎஸ்டிஆர் 1 போடாவிட்டால் 14ஆம் தேதி வாங்கியவருக்காக உருவாகும் 2பி பட்டியலில் அந்த பில் வராது. வாங்கியவரால் உள்ளீட்டு வரியை, அதாவது வாங்கும்போது கொடுத்த வரியை, தன் வரியில் கழித்துக்கொள்ள முடியாது. ஜிஎஸ்டிஆர் 1 போடாமல் 3பியும் போட முடியாது. தாமதமானால் நாளொன்றுக்கு 50 ரூபாய், கட்ட வேண்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. "போட்டாச்சு சார்" என்று அவர் சொன்ன கணக்குகளில் பாதி போர்ட்டலில் டிராஃப்டாகவே கிடந்தன. சென்னிமலையில் பெட்ஷீட் நெய்து அனுப்பும் ஒரு பெரியவர், என்னோடு பல வருடப் பழக்கம், அவருடைய பில்லுக்கு வாங்கியவர் வரித் தொகையைப் பிடித்து வைத்துவிட்டார். தறிக்காரர்களுக்குக் கூலி கொடுக்கும் வாரம் அது. "என்னங்க தம்பி, உங்க ஆபீஸ்ல இப்பிடி ஆகுதுன்னா நாங்க எங்க போறது?" என்றார். சத்தம் போட்டுத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். தாமதக் கட்டணமும் வட்டியும் என் கையிலிருந்து கட்டினேன். அவருக்கு இருந்த நம்பிக்கையை எதைக் கட்டி மீட்பது?

அந்த இரண்டு சர்ட்டிஃபிகேட்டையும் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தேன். வேறு வேறு ஊர் கிளினிக், ஆனால் கையெழுத்து ஒன்றே. ஒரே மாதிரி மட்டுமல்ல, ஒரே படம். கடைசிச் சுழி இரண்டிலும் ஒரே இடத்தில் கத்தரித்தாற்போல் நின்றது. நோயாளியின் கையெழுத்து இல்லை, அங்க அடையாளமும் இல்லை. மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நெறிமுறை விதிகளில் இது தெளிவாக இருக்கிறது: சான்றிதழில் நோயாளியின் கையெழுத்தோ கைரேகையோ, முகவரி, ஒரு அடையாளக் குறி இருக்க வேண்டும், மருத்துவர் ஒரு நகலை வைத்துக்கொள்ள வேண்டும், கொடுத்த சான்றிதழ்களுக்குப் பதிவேடு வைக்க வேண்டும். பதிவு எண்ணை மருத்துவ கவுன்சில் தளத்தில் போட்டுப் பார்த்தால் அது வேறு மாவட்டத்தில் இருக்கும் ஒரு பெண் மருத்துவருடையது. பேசினேன். "நான் பிரசவம் பாக்கறவங்க. வயசுப் பையனுக்கு அம்மைன்னு நான் எதுக்குங்க எழுதப்போறேன்? என் நம்பரைப் போட்டு இந்த மாதிரி ஏற்கெனவே வந்திருக்கு" என்றார். அவர் குரலில் கோபத்தைவிடக் களைப்புதான் தெரிந்தது.

அதே வாரம் காலியிடத்துக்கு இன்னொருவர் வந்தார். சான்றிதழில் பெங்களூரு நிறுவனம், வேறு எண். போன் போட்டேன். அதே நிதானமான குரல். "ரொம்ப சின்சியர் சார். விடவே மனசில்லாமத்தான்..." என்று தொடங்கியதும் உடம்பு சில்லிட்டுவிட்டது.

முதலில் வேலைக்கு எடுத்த தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டேன். மறைக்கவில்லை. டெலிகிராமில் இருந்த விலைப்பட்டியலைக் காட்டினார். அனுபவச் சான்றிதழுக்கு வருடக் கணக்கில் விலை. சம்பளச் சீட்டு தனி. போன் எடுத்துப் பேசுவது "வெரிஃபிகேஷன் சப்போர்ட்", அதற்குத் தனிக் கட்டணம். காய்ச்சலுக்கு ஒரு விலை, அம்மைக்கும் டெங்குவுக்கும் கூடுதல், "இறப்பு காரண லீவு" என்றுகூட ஒரு வரி. கடைசியில், வருமான வரியைக் குறைத்துக் காட்ட வாடகை ரசீது. "எல்லாரும் வாங்கறதுதானே சார், உங்களுக்கு மட்டும் ஏன் இவ்வளவு கோபம்?" என்று கேட்டார். உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார். பணத்தை இழந்ததைவிட இந்தக் கேள்விதான் என்னை அதிகம் உலுக்கியது.

பொய் சொல்லி வேலை வாங்குவது புதிது இல்லை, தெரியும். ஆனால் முன்பெல்லாம் பொய் சொல்கிறவனுக்கு உள்ளுக்குள் ஒரு நடுக்கம் இருந்தது. தானே சொல்ல வேண்டும், கண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டும், அடுத்த கேள்விக்கும் தானே பதில் தேட வேண்டும். பாதிப்பேர் அந்தப் பயத்திலேயே பின்வாங்கினார்கள். இந்த வியாபாரி விற்பது அந்தப் பயத்திலிருந்து விடுதலையை. பொய் சொல்லும் பொறுப்பை அவன் எடுத்துக்கொள்கிறான், வாங்கியவன் தான் பொய் சொன்னதாகவே நினைப்பதில்லை, ஒரு சர்வீஸ் வாங்கியதாக நினைக்கிறான். அதனால்தான் அந்தத் தம்பியை விட விற்றவன் மேல் எனக்குக் கோபம் பல மடங்கு.

பழக்கம் கல்லூரியிலேயே ஆரம்பிக்கிறது. அண்ணா பல்கலைக்கழகக் கல்லூரிகளில் 75 சதவீத வருகை வேண்டும், 65க்கு மேல் இருந்தால் மருத்துவக் காரணம் காட்டித் தேர்வு எழுதலாம். நியாயமான சலுகை, உண்மையில் படுத்த பிள்ளைகளுக்காக வைத்தது. செமஸ்டர் முடியும் வாரத்தில் எத்தனை பெற்றோர் தாங்களே போய் அந்தச் சீட்டை வாங்கித் தருகிறார்கள் என்று கல்லூரியில் வேலை பார்க்கும் யாரிடமும் கேட்டுப் பாருங்கள். அப்பா கையால் வாங்கித் தந்த முதல் பொய்ச் சீட்டை எந்தப் பிள்ளை தப்பு என்று நினைக்கும்?

என் தொழிலிலும் இது இருக்கிறது, சொல்லாமல் விடக்கூடாது. "ஒரு வாடகை ரசீது போட்டு ரீஃபண்ட் எடுத்துக் குடுங்க" என்று கேட்டு வருகிறவர்களுக்கு அதையே கமிஷனுக்குச் செய்து தரும் ஆட்கள் ஊரெங்கும் இருக்கிறார்கள். 2025 ஜூலையில் வருமான வரித்துறை 150 இடங்களில் இறங்கிச் சோதித்தது இவர்களைத்தான். அதற்கு முந்தைய நான்கு மாதத்தில் மட்டும் சுமார் 40,000 பேர் 1,045 கோடி ரூபாய்க்கான பொய் வரிக்கழிவுகளைக் கணக்கைத் திருத்தித் தாங்களே விலக்கிக்கொண்டிருந்தார்கள் என்றும் துறை சொன்னது. பெரிய நிறுவனங்களும் தப்பவில்லை. இல்லாத கம்பெனிகளின் பெயரில் அனுபவக் கடிதம் கொடுத்து வேலை வாங்கியவர்களை நீக்கியதாக ஆக்சென்ச்சர் இந்தியா 2022 நவம்பரில் வெளிப்படையாக அறிவித்தது. அவர்களிடம் சரிபார்க்கத் தனிப் பிரிவே உண்டு. நம்மிடம் ஒரு போன்தான் உண்டு, அந்தப் போனையும் இவர்களே எடுக்கிறார்கள்.

ஆகவே சான்றிதழில் உள்ள எண்ணுக்குப் பேசாதீர்கள். அந்த நிறுவனத்தின் ஜிஎஸ்டி எண்ணைக் கேட்டு வாங்கி ஜிஎஸ்டி தளத்தில் போடுங்கள், முகவரி, பதிவான தேதி, நடப்பில் இருக்கிறதா என்பதெல்லாம் வரும். எனக்கு வந்த கடிதத்தில் அனுபவம் 2019இலிருந்து, அந்த நிறுவனம் பதிவானதோ 2022இல். பி.எஃப். இருந்திருந்தால் வந்தவரையே உங்கள் முன்னால் யூஏஎன் (பி.எஃப். எண்) போட்டு, எங்கெங்கே வேலை பார்த்தார் என்று காட்டும் சர்வீஸ் ஹிஸ்டரியைத் திறக்கச் சொல்லுங்கள். 20 பேருக்குக் கீழ் உள்ள இடங்களுக்கு பி.எஃப். கட்டாயம் இல்லை, அதனால் அது இல்லை என்பதற்காக யாரையும் பொய்யர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சம்பளம் வரவு வந்த வங்கிக் கணக்குப் பக்கத்தைக் கேளுங்கள். மெடிக்கல் சர்ட்டிஃபிகேட் என்றால் மேலே சொன்ன கையெழுத்தும் அடையாளக் குறியும் பாருங்கள், சந்தேகம் இருந்தால் மட்டும் பதிவு எண்ணைத் தேடுங்கள். உண்மையாகவே காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையைக் குற்றவாளி போல விசாரிக்கும் நிலைக்கு நம்மைத் தள்ளியதும் இவர்கள்தான்.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கியிருக்கிறேன், சைபர் குற்ற உதவி எண்ணான 1930இலும் பதிந்திருக்கிறேன். அந்த டெலிகிராம் குழு மூடப்பட்டு வேறு பெயரில் திறந்துவிட்டதாகக் கேள்வி. "விடவே மனசில்லாமத்தான் ரிலீவ் பண்ணோம்" என்ற வாசகத்தை உங்களில் யாராவது போனில் கேட்டிருந்தால், அந்த எண்ணையும் தேதியையும் குறித்து வைத்து உங்கள் ஊர் நிலையத்திலும் ஒரு மனு கொடுங்கள். ஒரே ஒரு புகார் என்றால் "உங்க ஸ்டாஃப் பிரச்சினை" என்று ஒதுக்கி வைத்துவிடுகிறார்கள்.