கணவரின் பாஸ்போர்ட் பிரெஞ்சா, ஜெர்மனா? மனைவியின் நிரந்தர விசாவுக்கு எந்த வழி உறுதியானது

ஜெர்மனியில் வாழும் இந்திய, இலங்கைப் பெண்கள் பலர், கணவரிடம் ஜெர்மன் பாஸ்போர்ட் இருந்தால் நிரந்தர விசா எளிது, வேறு ஐரோப்பிய பாஸ்போர்ட் என்றால் இழுபறி என்று நினைக்கிறார்கள். ஆண்டுக் கணக்கை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தெரியும். எனக்கு அந்தக் கணக்கு போதாது என்றே படுகிறது.

யாருக்கு எந்தச் சட்டம் என்பதில்தான் முதல் குழப்பம். புதுச்சேரியில் 1962-இல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பங்கள் உண்டு. அப்படியொரு குடும்பத்துப் பையன் வேலைக்காக ஜெர்மனியின் கொலோன் நகருக்கு வந்தால், மனைவிக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004/38 சட்டம் பொருந்தும். ஒன்றியக் குடிமக்களும் குடும்பத்தினரும் வேறொரு ஒன்றிய நாட்டில் தங்கி வாழும் உரிமை பற்றியது அது. அவரே பாரிஸில் இருந்தால் பொருந்தாது. சொந்த நாட்டில் வாழ்பவரின் குடும்பத்துக்கு அந்தந்த நாட்டுச் சட்டம்தான். ஜெர்மனியில் வாழும் ஜெர்மானியரின் மனைவிக்கும் அப்படியே. ஒன்றியத்தின் வேறொரு நாட்டில் குடும்பமாக வாழ்ந்துவிட்டுத் திரும்பியவர்கள் மட்டும் விதிவிலக்கு.

ஜெர்மானியரின் மனைவிக்கு 3 ஆண்டு போதும். ஆனால் ஊரிலிருந்து கிளம்பும் முன்பே பொதுவாக ஏ1 என்ற தொடக்கநிலை ஜெர்மன் தேர்வு, நிரந்தர விசாவுக்கு பி1 என்ற இடைநிலை அளவு ஜெர்மன். பிரெஞ்சுக்காரரின் மனைவிக்கு 5 ஆண்டு ஆகும், மொழித் தேர்வே கிடையாது. கட்டணத்திலும் வித்தியாசம் உண்டு: முதல் வழியில் நூறு யூரோவுக்கு மேல், இரண்டாவதில் ஜெர்மானியர் தம் அடையாள அட்டைக்குக் கட்டும் அளவைத் தாண்டக்கூடாது.

உண்மையான வேறுபாடு வீட்டில் பிரச்சினை வரும்போதுதான் தெரியும். ஜெர்மன் சட்டத்தில் அந்த 3 ஆண்டும் கணவனும் மனைவியும் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும், விண்ணப்பிக்கும்போதும் அப்படியே இருக்க வேண்டும். ஒன்றியச் சட்டத்தில் ஒரே கூரையின் கீழ் இருக்கத் தேவையில்லை. பெர்லினில் பிரெஞ்சுக் கணவரைப் பிரிந்து தனி வீட்டில் இருந்த செனகல் நாட்டுப் பெண்ணின் வழக்கில், 1985-லேயே ஐரோப்பிய நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. விவாகரத்து ஆகாதவரை அவர் மனைவிதான். விவாகரத்தே ஆனாலும், அதற்கான வழக்கு தொடங்கும்போது திருமணமாகி 3 ஆண்டு முடிந்து, அதில் ஓராண்டாவது ஜெர்மனியில் கழிந்திருந்தால் தங்கும் உரிமை தொடரும். சென்னையில் கழிந்த மணவாழ்க்கையும் அந்த மூன்றில் சேரும். ஆனால் 5 ஆண்டு நிறைந்து நிரந்தர உரிமை கிடைக்க, அவர் தாமே வேலையிலோ தொழிலிலோ இருக்க வேண்டும், அல்லது போதிய வருமானமும் மருத்துவக் காப்பீடும் காட்ட வேண்டும்.

இதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. விவாகரத்து வழக்கு தொடங்கும் முன்பே கணவர் ஜெர்மனியை விட்டுப் போய்விட்டால், மனைவி அந்தப் பாதுகாப்பை இழக்கிறார். அயர்லாந்திலிருந்து வந்த வழக்கில் 2015-இல் வந்த தீர்ப்பு இது. கணவர் கிளம்பப் போகிறார் என்று தெரிந்தால் அன்றே வழக்கறிஞரைப் பாருங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

ஊருக்குப் போய் வருவதில் ஒன்றியச் சட்டம் தாராளம்தான். ஆண்டுக்கு 6 மாதம் வெளியே இருக்கலாம். பிரசவம், கடும் நோய் போன்றவற்றுக்கு ஒருமுறை 12 மாதம் வரை. நிரந்தர உரிமை வந்தபின் தொடர்ந்து 2 ஆண்டுக்கு மேல் வெளியே இருந்தால்தான் அது போகும். ஜெர்மன் நிரந்தர விசா பொதுவாக 6 மாதத்தில் காலாவதியாகும். ஜெர்மானியக் கணவரோடு சேர்ந்து வாழ்பவருக்கு அந்தக் கெடு இல்லை. ஆக அங்கேயும் எல்லாம் அந்த உறவை நம்பியே நிற்கிறது.

மூன்றாவதாக, ஒன்றியத்தின் 2003/109 சட்டப்படி ‘நீண்டகால வதிவாளர்’ நிலை ஒன்று உண்டு. 5 ஆண்டு, நிலையான வருமானம், மொழி நிபந்தனை எல்லாம் உண்டு. டென்மார்க், அயர்லாந்து தவிர மற்ற ஒன்றிய நாடுகளுக்குத் தன் பெயரிலேயே குடிபெயர விரும்புபவருக்கு மட்டும் இது லாபம்.

என்னைக் கேட்டால் ஒன்றிய வழியே உறுதியானது. 5 ஆண்டு முறையாக நிறைந்ததும் உரிமை தானாகவே வந்துவிடுகிறது, அலுவலகம் தரும் நிரந்தர வதிவு அட்டை அதற்குச் சான்று மட்டுமே. ஆனால் ‘முறையாக’ என்பதைக் காட்ட, பெரும்பாலும் கணவரின் சம்பளச் சீட்டுகள்தான் வேண்டும். ஓராண்டுக்கு மேல் வேலை செய்தபின் வேலை போய், அவர் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்திருந்தால் அந்தக் காலமும் சேரும், அந்தக் கடிதமும் தேவை. காப்பீட்டுக் கடிதம், முகவரிப் பதிவு எல்லாவற்றுக்கும் முதல் மாதத்திலிருந்தே உங்களிடம் ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். உறவு கசந்தபின் கேட்டால் அவை கைக்கு வராமலே போகலாம்.