லோ யாட்டில் வாங்கிய சுவிட்ச், ஏழு மாதம் கழித்து

படிவம் இரண்டு படிக்கும் மகனைக் கூட்டிக்கொண்டு கோலாலம்பூரில் மின்னணுக் கடைகள் நிறைந்த லோ யாட் பிளாசாவில் மாடி மாடியாக ஏறி, வீடியோ கேம் ஆடும் கருவிகளை விசாரித்தேன். பிளேஸ்டேஷன் 5-க்கும் நிண்டெண்டோ சுவிட்ச் ஓஎல்இடிக்கும் நடுவில் விலை வித்தியாசமாக என் வீட்டு ஒரு மாத வாடகை நின்றது. சுவிட்சையே வாங்கினேன்.

வேகத்தில் இது பிளேஸ்டேஷன் பக்கம்கூட வராது. படத்தின் கூர்மையும் டிவியில் மாட்டினால் 1080பி, கையில் வைத்து ஆடினால் அதைவிடக் குறைவான 720பி, அவ்வளவுதான். ஆனால் அந்த 7 அங்குலத் திரையின் நிறம் அருமை, பெட்டியிலேயே ஜாய்கான் எனும் கைப்பிடிக் கட்டுப்பாட்டுக் கருவி இரண்டு இருப்பதால் வந்த அன்றே அப்பாவும் மகனுமாக உட்கார்ந்து ஆடிவிட்டோம்.

விலையா வேகமா என்ற போட்டி பழையதுதான். 2006-இல் அமெரிக்காவில் பிளேஸ்டேஷன் 3 வந்தபோது 499, 599 டாலர், அதே மாதம் வந்த, எச்டி எனும் கூர்மையான படம் கூட இல்லாத நிண்டெண்டோவின் வீ (Wii) வெறும் 250 டாலர், கடைசியில் வீ 10 கோடிக்கு மேல் விற்று முந்திக்கொண்டது. அதற்காக மலிவு மட்டும் போதும் என்று நினைக்காதீர்கள், 2012-இல் அதற்கு அடுத்து வந்த வீ யூ (Wii U) 300 டாலர்தான், 1.4 கோடியைக்கூடத் தொடவில்லை. 2013-இல் பிளேஸ்டேஷன் 4, மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் ஒன்னைவிட 100 டாலர் குறைவு, வேகமும் அதிகம், அப்புறம் கேட்கவா வேண்டும்!

ஒன்று மட்டும் கவனியுங்கள்: நிண்டெண்டோவின் சொந்த விளையாட்டுகள் விலை இறங்குவது அபூர்வம். அதனால் டவுன்லோட் செய்யாமல் கேட்ரிட்ஜாக, அதாவது கருவியில் செருகும் சின்ன அட்டையாக வாங்குங்கள், ஆடி முடித்ததும் விற்றுவிடலாம்.