சன் டெவில்ஸ் ரசிகர் கேட்க வேண்டிய கல்லூரி ஃபுட்பால் பாட்காஸ்ட் எது?

2024 ஜூலையில் அமெரிக்கக் கல்லூரி அணிகளின் கூட்டமைப்புகளில் ஒன்றான பிக் 12 கான்ஃபரன்ஸின் பருவ முற்கணிப்பு வெளிவந்தபோது, வாக்களித்த செய்தியாளர்கள் சன் டெவில்ஸ் எனப்படும் அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழக அணியை 16 அணிகளில் 16ஆவது இடத்தில் வைத்திருந்தார்கள். அதே அணி டிசம்பர் 7 அன்று அயோவா ஸ்டேட்டை 45-19 என்ற கணக்கில் வென்று கான்ஃபரன்ஸ் பட்டத்தைக் கைப்பற்றியது. இந்த இரண்டு நிகழ்வுகளுக்கும் இடைப்பட்ட மாதங்களில் பாட்காஸ்ட்கள் இந்த அணியைப் பற்றி என்ன பேசின, அதைக் கேட்ட ரசிகர்கள் எதற்காகக் கொதித்தார்கள், அந்தக் கொதிப்பில் எவ்வளவு நியாயம் இருந்தது என்பவற்றை வைத்துத்தான் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். நிகழ்ச்சிகளின் பெயர்களைக் குறிப்பிடப் போவதில்லை. நான் சொல்லும் குறைகள் தனியொரு நிகழ்ச்சிக்கு உரியவை அல்ல, அந்த வகை நிகழ்ச்சிகள் அனைத்துக்கும் பொதுவானவை. நானும் அந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தவன். எனவே நடுநிலை என்று எதையும் இங்கே எதிர்பார்க்க வேண்டாம்.

முதலில் தேசிய நிகழ்ச்சிகளை எடுத்துக்கொள்வோம். இரண்டு அல்லது மூன்று தொகுப்பாளர்கள் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசுவார்கள். ஒலிப்பதிவு துல்லியமாக இருக்கும், பேச்சில் அனுபவம் தெரியும், நகைச்சுவையும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். சிக்கல் அவர்கள் கையிலுள்ள நேரத்தில்தான் இருக்கிறது. 2024இல் கல்லூரி ஃபுட்பாலின் மேல்நிலைப் பிரிவில் 134 அணிகள் ஆடின. ஜார்ஜியா, டெக்சாஸ், ஒஹாயோ ஸ்டேட், ஆரிகன் ஆகிய அணிகளைப் பேசி முடிப்பதற்குள் நிகழ்ச்சியின் பெரும்பகுதி கரைந்துவிடும். மிச்சமிருக்கும் சில நிமிடங்களில் மற்ற அணிகளின் முடிவுகளை வேகமாக வாசித்துக்கொண்டு போவார்கள். இதை அவமதிப்பு என்று சொல்லும் ரசிகரோடு எனக்கு உடன்பாடு இல்லை. அலபாமா ரசிகரின் எண்ணிக்கையும் அரிசோனா ஸ்டேட்டின் ஊரான டெம்பியில் உள்ள ரசிகரின் எண்ணிக்கையும் ஒன்றல்ல என்பது அந்தத் தொகுப்பாளருக்கு நன்றாகத் தெரியும், அவருக்கு விளம்பரம் தருபவருக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

ஆனால் குறைவாகப் பேசுவது வேறு, பார்க்காமலே பேசுவது வேறு. ரசிகர்களின் கோபத்தில் நியாயமான பகுதி இந்த இரண்டாவது விஷயத்தில்தான் இருக்கிறது. அரிசோனா மாநிலத்தின் பெரும்பகுதியில் கோடைக்காலக் கடிகார மாற்றம் கிடையாது. எனவே செப்டம்பரில் டெம்பியில் இரவு 7:30 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் நியூயார்க் கணக்கில் 10:30 மணிக்குத் தொடங்குகிறது, முடியும்போது அங்கே நள்ளிரவு வெகுநேரம் தாண்டியிருக்கும். சனிக்கிழமை இரவே உடனடி அலசல் என்று ஒலிப்பதிவு செய்யும் கிழக்குக் கரை நிகழ்ச்சிகளுக்கு இந்த ஆட்டம் அகப்படுவதே இல்லை. அடுத்த நிகழ்ச்சியில் பேசும்போது தொகுப்பாளரின் முன்னால் புள்ளிவிவரத் தாள் மட்டுமே இருக்கிறது என்பது கேட்கிறவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது.

2024 செப்டம்பர் 7 அன்று மிசிசிப்பி ஸ்டேட்டை 30-23 என்று வென்ற ஆட்டத்தைப் பற்றி வந்த பேச்சை எடுத்துக்கொள்ளுங்கள். பந்தை ஏந்தி ஓடும் ரன்னிங் பேக் கேம் ஸ்கேட்டபோ அன்று 262 யார்டு ஓடினார். நான் கேட்ட தேசிய நிகழ்ச்சியில் அந்த எண்ணை வாசித்தார்கள், ‘முரட்டு ஆட்டக்காரர்’ என்று ஒரு வார்த்தை சொன்னார்கள், எதிரணி இரண்டாம் பாதியில் நெருங்கி வந்ததைச் சுட்டிக்காட்டி அரிசோனா ஸ்டேட் தப்பிப் பிழைத்தது என்று முடித்துவிட்டார்கள். ஆட்டத்தைப் பார்த்த எவரும் பேசியிருக்கக்கூடிய விஷயம், வித்தியாசம் ஏழு புள்ளியாகச் சுருங்கிய பிறகு அந்த அணி பந்தைத் திருப்பித் தராமல் ஓடியே கடிகாரத்தைத் தீர்த்துவிட்டது என்பதுதான். ஓடத்தான் போகிறார்கள் என்று எதிரணிக்கும் தெரியும், அரங்கில் இருந்த எல்லாருக்கும் தெரியும். அப்படியிருந்தும் தடுக்க முடியவில்லை. முந்தைய ஆண்டில் 3 வெற்றி, 9 தோல்வி என்று முடித்த அணிக்கு எதிரணியை முன்வரிசையில் தள்ளி நகர்த்தும் பலம் வந்துவிட்டது என்பதற்கு அதைவிட நல்ல அறிகுறி இருக்க முடியாது. புள்ளிவிவரத் தாளில் அந்தக் கடைசி நிமிடங்கள் ஒரு வரிகூடப் பிடிக்காது.

இதற்கு ரசிகர்கள் என்ன செய்தார்கள்? நிகழ்ச்சிக்குக் கடிதம் எழுதினார்கள், குரல் பதிவு அனுப்பினார்கள், எல்லாவற்றிலும் ஒரே புகாரைச் சொன்னார்கள்: எங்களை மதிப்பதில்லை. அந்தப் புகார் நிகழ்ச்சிக்காரர்களுக்கு மிக வசதியானது. மதிப்பு என்பது மனநிலை சார்ந்தது. அதற்கு ‘உங்கள் அணியை எனக்குப் பிடிக்கும், ஆனாலும்’ என்று சிரித்துக்கொண்டே பதில் சொல்லிவிடலாம். ஆட்டத்தின் நான்காவது கால்பகுதியில் அணி பந்தோடு முன்னேறிய கடைசித் தொடரை நீங்கள் பார்த்தீர்களா என்று ஒருவர் கேட்டிருந்தால் அப்படி நழுவ முடியாது. இன்னொன்றும் உண்டு. கோபக் கடிதங்களை வாசிக்கும் பகுதி பல நிகழ்ச்சிகளில் மிகவும் கலகலப்பான பகுதியாக இருக்கிறது; புண்பட்ட ரசிகர் அடுத்த வாரமும் தவறாமல் கேட்கிறார் என்பதைத் தயாரிப்பாளர்கள் அறிந்திருக்கிறார்கள். வானொலிக் காலத்திலிருந்தே இந்த வியாபாரம் நடக்கிறது. அலபாமா அணியின் பரம எதிரியான ஆபர்னின் ஊரில், டூமர்ஸ் கார்னர் என்ற இடத்தில் இருந்த ஓக் மரங்களுக்கு விஷம் வைத்ததாக ஓர் அலபாமா ரசிகர் 2011 ஜனவரியில் பால் ஃபைன்பாமின் வானொலி நிகழ்ச்சிக்குத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னதும், அது உண்மை என்று பின்னர் தெரியவந்ததும், 2013இல் அந்த மரங்கள் வெட்டப்பட்டதும் ரசிகர் குரலை மூலதனமாக்கும் நிகழ்ச்சிகளின் வரலாற்றில் மறக்க முடியாத அத்தியாயம். பாட்காஸ்டில் அவ்வளவு தூரம் போவதில்லை. ஆனாலும் அடுப்பு அதேதான்.

டிசம்பரில் பட்டம் வென்றதும் காற்று திசை மாறியது. இந்த மாற்றம் முந்தைய புறக்கணிப்பைவிட என்னை அதிகமாக எரிச்சலூட்டியது. பழைய கணிப்புகளின் ஒலித் துணுக்குகளை ரசிகர்கள் தோண்டி எடுத்து அனுப்ப, தொகுப்பாளர்கள் சடங்காக மன்னிப்புக் கேட்டார்கள், பிறகு ஸ்கேட்டபோவின் நெஞ்சுரத்தைப் பற்றிப் பேசிப் பேசித் தீர்த்தார்கள். அயோவா ஸ்டேட்டுக்கு எதிராக 16 ஓட்டங்களில் 170 யார்டு எடுத்தவரை, சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருது வாக்கெடுப்பில் ஐந்தாவதாக வந்தவரைப் பாராட்டக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் வீசப்படும் பந்தைப் பிடிக்கும் வீரர்களில் முதன்மையானவரான ரிசீவர் ஜோர்டின் டைசன் அதற்கு முந்தைய ஆட்டத்தில் காயப்பட்டு வெளியேறியிருந்தார். அவர் இல்லாத நிலையிலும் 45 புள்ளி எப்படி வந்தது? தாக்குதல் ஒருங்கிணைப்பாளர் மார்கஸ் அரோயோ திட்டத்தில் எதை மாற்றினார்? முதல் பருவத்திலேயே நிதானமாக ஆடிய, பந்தை வீசித் தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் சாம் லெவிட்டின் பங்கு என்ன? நான் கேட்டவரையில் தேசிய நிகழ்ச்சிகள் இவற்றைத் தொடவே இல்லை. ரசிகர்களும் கேட்கவில்லை, அவர்களுக்கு வேண்டியிருந்தது மன்னிப்பு, அது கிடைத்துவிட்டது.

2025 ஜனவரி 1 அன்று அட்லாண்டாவில் டெக்சாஸுக்கு எதிராக நடந்த, தேசியப் பட்டத்துக்கான பிளேஆஃபின் காலிறுதியான பீச் பவுல் ஆட்டத்தின் அலசலில் இந்தக் குறை முழு உருவம் எடுத்தது. நான்காவது கால்பகுதியில் 24-8 என்று பின்தங்கியிருந்த அணி, ஸ்கேட்டபோ தானே பந்தை வீசி ஒரு டச் டவுனையும் ஓடி இன்னொன்றையும் எடுத்துத் தந்ததில் 24-24 என்று சமன் செய்தது. இரண்டு ஓவர்டைம்களுக்குப் பிறகு 39-31 என்று தோற்றது. வழக்கமான நேரத்தின் கடைசிப் பகுதியில் ரிசீவர் மெல்குவான் ஸ்டோவலின் தலையில் டெக்சாஸ் வீரர் மோதியதை நடுவர்கள் மறுஆய்வு செய்தும் டார்கெட்டிங் (தலையைக் குறிவைத்து மோதுதல்) குற்றமாக அறிவிக்கவில்லை. அறிவித்திருந்தால் 15 யார்டும் புதிய முதல் டவுனும் (முன்னேற மறுபடி நான்கு முயற்சிகள்) கிடைத்திருக்கும், மோதியவர் வெளியேற்றப்பட்டிருப்பார். அந்த வாரம் முழுக்க எந்தப் பாட்காஸ்டைத் திறந்தாலும் இதே பேச்சு. தேசிய நிகழ்ச்சிகள் அதோடு பிளேஆஃபில் அணிகளுக்கு இடம் ஒதுக்கும் தரவரிசை பற்றிய விவாதத்தையும் சேர்த்துக்கொண்டன. முதல் சுற்று விலக்குப் பெற்ற நான்கு அணிகளும் தோற்றுப்போனதால் அது தவிர்க்க முடியாததுதான். கான்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்கு முதல் நான்கு இடங்கள் என்ற விதி அடுத்த பருவத்துக்கு முன் மாற்றப்படவும் செய்தது.

அந்தத் தீர்ப்பு தவறு என்று இன்றும் நம்புகிறவன் நான். இருந்தாலும் அதற்குப் பிறகும் ஆட்டம் தொடர்ந்தது. டெக்சாஸும் கடைசி இரண்டு நிமிடங்களுக்குள், அந்தத் தீர்ப்புக்கு முன் ஒன்றும் பின் ஒன்றுமாக, இரண்டு ஃபீல்ட் கோல்களைத் தவறவிட்டது. முதல் ஓவர்டைமில் அரிசோனா ஸ்டேட் முன்னிலை பெற்று, எதிரணியை 13 யார்டு தேவைப்படும் நான்காவது டவுனுக்கு, அதாவது கடைசி முயற்சிக்குத் தள்ளியது. இன்னும் ஒரு தடுப்பு போதும், அரையிறுதி உறுதி. அந்த நிலையில் டெக்சாஸின் க்வின் யூவர்ஸ் வீசிய பந்தை மேத்யூ கோல்டன் பிடித்து 28 யார்டு டச் டவுன் ஆக்கினார். அந்த ஒரே முயற்சியைத் தடுக்கத் தற்காப்பு எத்தனை பேரை முன்னால் அனுப்பியது, பின்னால் யார் யாரைக் காத்தார்கள், அந்தத் துணிச்சலுக்கு என்ன விலை என்று பொறுமையாகப் பேசிய ஒரே நிகழ்ச்சி, அணியை நாள்தோறும் பின்தொடரும் உள்ளூர்ச் செய்தியாளர் ஒருவருடைய சந்தா நிகழ்ச்சிதான். ஒலி சுமார், எதிரொலி கேட்கும், நடுவில் ஒருமுறை நாய் குரைத்தது. அந்த நிகழ்ச்சிக்குத்தான் நான் முழு மதிப்பெண் தருவேன்.

உள்ளூர் என்றவுடன் எல்லாம் அப்படி இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். அணிக்கென்றே தினமும் வரும் ரசிகர் பாட்காஸ்ட்களுக்கு வேறொரு நோய் உண்டு. வாரத்தில் ஒரு நாள்தான் ஆட்டம். மீதி நாள்களை நிரப்ப வேண்டும். எனவே சேர்க்கைக்கு வரக்கூடிய பள்ளி மாணவர்களைப் பற்றிய ஊகம், கோச் கென்னி டில்லிங்ஹம் வேறு கல்லூரிக்குப் போய்விடுவாரோ என்ற பயம், அதே பயத்துக்கு மறுநாள் ஆறுதல் என்று ஓட்டுவார்கள். 2025 அக்டோபரில் இது வேடிக்கையாகவே ஆகிவிட்டது. லெவிட் ஆடாத ஆட்டத்தில் யூட்டாவிடம் 42-10 என்று தோற்றதும் பருவமே முடிந்துவிட்டது என்ற தொனி. ஒரு வாரம் கழித்து அவர் திரும்பி வந்து டெக்சாஸ் டெக்கை 26-22 என்று வென்றதும் பட்டத்துக்கான கணக்குகள். இரண்டு முடிவுகளுக்கும் இடையில் இருந்த எளிய உண்மை, குவார்ட்டர்பேக் உடல்நலத்தோடு இருந்தாரா இல்லையா என்பதுதான். அதைச் சொன்னால் ஐந்து நாள் நிகழ்ச்சி நடத்த முடியாது என்பதும் உண்மை.

விளம்பரங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விளையாட்டுப் பந்தயத்தை அனுமதிப்பதா என்பதை மாநிலங்களே முடிவு செய்யலாம் என்று 2018இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வழிவிட்டது, அரிசோனாவில் 2021இல் அது சட்டபூர்வமானது. இப்போது பந்தய நிறுவனங்களின் விளம்பரத்தைத் தொகுப்பாளரே தன் குரலில் வாசிக்கிறார். விளம்பரம் வருவதில் எனக்குப் புகார் இல்லை. ஆட்டத்தைப் பற்றிய பேச்சே பந்தய மொழிக்கு மாறிவிட்டதில்தான் புகார். எத்தனை புள்ளி வித்தியாசத்தில் தோற்பார்கள் என்று கணித்தார்களோ அதைவிடக் குறைவாகத் தோற்றால் அது அணிக்கு நல்ல நாள் என்று பேசுகிறார்கள். பீச் பவுலுக்குப் பிறகு அந்த ஆறுதலை எனக்குச் சொன்ன தொகுப்பாளரை அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டேன்.

எதைக் கேட்பது என்று கேட்டால், தேசிய நிகழ்ச்சிகளில் ஒன்றை மற்ற கான்ஃபரன்ஸ்களைத் தெரிந்துகொள்ள மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அத்தியாயப் பிரிப்பு உள்ள நிகழ்ச்சியாக இருந்தால் வேண்டாததைத் தாண்டிவிடலாம். சொந்த அணிக்கு, ஆட்டத்தை மறுமுறை பார்த்துவிட்டுத் திங்கள் அல்லது செவ்வாயில் பேசும் செய்தியாளர் நிகழ்ச்சிக்கு மட்டும் சந்தா கட்டலாம். தேர்ந்தெடுக்கும்போது பெரிய வெற்றியின் மறுநாள் வந்த பதிவைக் கேட்டுப் பார்க்க வேண்டாம், எல்லாரும் அன்று நன்றாகத்தான் பேசுவார்கள். 2024இல் சின்சினாட்டியிடம் 24-14 என்று தோற்ற ஆட்டத்தைப் போல, லெவிட் இல்லாமல் மந்தமாகத் தோற்ற ஒரு நாளின் பதிவை எடுத்து, தோல்விக்கான காரணத்தைக் குவார்ட்டர்பேக்கின் காயத்துக்கு அப்பாலும் தேடுகிறார்களா என்று பாருங்கள். பருவ முற்கணிப்பு நிகழ்ச்சிகளைத் தாராளமாகத் தவிர்க்கலாம். பிக் 12 கான்ஃபரன்ஸே 2025இல் அந்த வாக்கெடுப்பைக் கைவிட்டுவிட்டது.

அதே மாநிலத்துப் போட்டியாளரான அரிசோனா பல்கலைக்கழகத்துக்கு எதிரான டெரிட்டோரியல் கப் ஆட்டம் நடக்கும் வாரத்துக்கு மேற்சொன்ன எந்த அளவுகோலும் பொருந்தாது. 2024இல் 49-7 என்று வென்றபோதும் 2025இல் 23-7 என்று தோற்றபோதும் அந்த வாரம் எந்த நிகழ்ச்சியிலும் ஆய்வு என்று ஒன்று இருக்கவில்லை, அதை எதிர்பார்த்து யாரும் கேட்கவும் இல்லை.