முதலில் காற்று, பிறகு சுவர்: வீட்டு ஸ்டுடியோ கட்டும் வழிகள், ஓர் ஒப்பீடு

நான் முதலில் கட்டியது ஒரு பெட்டி. நீளம் 1.2 மீட்டர், அகலமும் அதே, உயரம் 2.1. உள்ளே போய்க் கதவை இழுத்தால் வெளிச்சத்தம் அப்படியே அணைந்துபோகும். அந்தப் பெருமை இருபது நிமிடம்தான் தாங்கியது. நீண்ட கட்டுரை ஒன்றை வாசித்துப் பதிவு செய்துகொண்டிருந்தேன்; ஒரே வாக்கியத்தில் நான்கு முறை நாக்கு குழறியது. நெற்றியெல்லாம் வியர்வை, கண்ணைச் சொருகும் தூக்கம். கதவைத் திறந்ததும் முகத்தில் பட்ட காற்று ஐஸ் மாதிரி இருந்தது.

பிறகுதான் கணக்குப் போட்டேன். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் மணிக்குச் சுமார் 18 லிட்டர் கரியமில வாயுவை வெளிவிடுகிறார். என் பெட்டிக்குள் இருந்த காற்று மொத்தமே 3,000 லிட்டர். நிமிடத்துக்கு 100 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் எத்தனை பங்கு என்ற அளவு) ஏறுகிறது. வெளிக்காற்றில் இருப்பது 420-ஐ ஒட்டிய அளவு. இருபது நிமிடத்தில் 2,400-ஐத் தொட்டுவிடும். தலை கனத்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

ஸ்டுடியோ கட்ட நினைப்பவர்கள் எல்லோரும் சுவரைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எத்தனை அடுக்கு போர்டு, எந்தப் பஞ்சு, எவ்வளவு இடைவெளி என்று. நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உள்ளே எத்தனை பேர், எவ்வளவு நேரம்? காற்று வந்துபோகச் சுவரில் எவ்வளவு பெரிய ஓட்டை போட வேண்டும் என்பதை அதுதான் முடிவு செய்யும். அந்த ஓட்டை எவ்வளவு சத்தத்தைத் தடுக்குமோ, அதற்கு மேல் சுவரில் செலவழித்துப் பயனில்லை.

ஃபோம் ஒட்டுவதை இந்தப் போட்டியிலேயே சேர்க்கவில்லை. ஃபோம், கம்பளம், கனத்த திரை எல்லாம் அறைக்குள் எழும் எதிரொலியைத்தான் குடிக்கும். பக்கத்து அறையின் பேச்சை நிறுத்தாது. சத்தத்தை நிறுத்த எடை வேண்டும், இண்டு இடுக்கில்லாத மூடல் வேண்டும். ஃபோமுக்குப் பதில் சிலர் ஒட்டும் முட்டை அட்டையிலும் இரண்டும் இல்லை.

சுவர்: மூன்று வழிகள்

முதல் வழி, இருக்கிற அறையையே இறுக்குவது. பூசிய செங்கல் சுவர் 23 சென்டிமீட்டர் கனத்தில் இருந்தால் சதுர மீட்டருக்கு 400 கிலோவுக்கு மேல் எடை. சாதாரணப் பேச்சுக்கும் தெருச் சத்தத்துக்கும் அதுவே 50 டெசிபலை ஒட்டித் தடுக்கும். அப்படியானால் சத்தம் எப்படி வருகிறது? கதவு வழியாக, ஜன்னல் வழியாக. கதவின் அடியில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி இருக்கிறது என்று வையுங்கள். 90 சென்டிமீட்டர் அகலக் கதவில் அது மொத்தப் பரப்பில் அரை சதவீதம்கூட வராது. ஆனாலும் அந்த அரை சதவீதம் போதும், கதவு முழுவதும் இரும்பாகவே இருந்தாலும் 23 டெசிபலைத் தாண்ட விடாது. என் அறையில் முதலில் செய்தது இதுதான்: ராத்திரி எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, வெளியிலிருந்து கதவைச் சுற்றி டார்ச் அடிக்கச் சொல்லி, உள்ளே உட்கார்ந்து பார்த்தேன். வெளிச்சம் நுழைந்த இடமெல்லாம் சத்தமும் நுழைந்துகொண்டிருந்தது. கெட்டி மரக்கதவு, நான்கு பக்கமும் ரப்பர் பீடிங், அடியில் தானாக இறங்கும் பட்டை, ஜன்னலுக்கு உள்பக்கம் இரண்டாவது கண்ணாடி. சுவரில் கையே வைக்கவில்லை.

இரண்டாவது வழி பெட்டி. வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு வேறு கதியில்லை. கழற்றி எடுத்துக்கொண்டு போகலாம். ஆனால் காற்று சீக்கிரம் தீர்ந்துபோவது இதில்தான். இன்னொரு தொந்தரவும் உண்டு. 1.2 மீட்டர் இடைவெளியில் எதிரெதிராக நிற்கும் இரண்டு சுவர்களுக்கு நடுவே 143 ஹெர்ட்ஸ் ஒலி தங்கி உப்பிக்கொள்ளும். ஆண் குரலின் அடிச்சுருதி உலவுகிற இடமே அதுதான். என் பதிவுகளில் சில சொற்கள் மட்டும் பானைக்குள் இருந்து வருவது மாதிரி கேட்டதற்குக் காரணம் அது. ஒட்டிய ஃபோம் உச்ச ஒலிகளைத் தின்றுவிட்டு இந்த உப்பலை மட்டும் விட்டுவைத்தது. மங்கலான குரல், மேலே பானைச் சத்தம். பிறகு எவ்வளவு ஈக்வலைசர் போட்டாலும் முழுசாகச் சரியாகவில்லை.

மூன்றாவது, அறைக்குள் அறை. பழைய சுவரைத் தொடாமல் உள்ளே தனிச் சட்டம், அதில் இரண்டடுக்கு ஜிப்சம் போர்டு, தனிக் கூரை, ரப்பர் மேல் மிதக்கும் தரை. இரண்டு சுவர்களுக்கு நடுவே அடைபட்ட காற்று ஸ்பிரிங் மாதிரி வேலை செய்யும். அந்த ஸ்பிரிங்குக்கு ஒரு சொந்த அதிர்வெண் உண்டு. அதற்கு மேலே தடுப்பு அபாரம். அந்த இடத்திலோ ஒற்றைச் சுவரைவிட மோசம். இரண்டு பக்கமும் சதுர மீட்டருக்கு 20 கிலோ, நடுவில் 10 சென்டிமீட்டர் என்றால் அது 60 ஹெர்ட்ஸ். பஞ்சு அடைத்தால் நாற்பதுகளுக்கு இறங்கும். வெளிச்சுவர் செங்கல்லாக இருந்தால் பஞ்சு இல்லாமலே நாற்பதுகளில் நிற்கும்; பஞ்சும் சேர்த்தால் முப்பதை ஒட்டிப் போகும். பேஸ் கிட்டாரின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ் என்பதை வைத்துப் பார்த்தால் இந்த எண்களுக்கு ஏன் இவ்வளவு மரியாதை என்று புரியும்.

இதில் பலர் விழும் குழி ஒன்று: உள் சட்டத்தின் இரண்டு முகத்திலும் போர்டு அடித்துவிடுவார்கள். ‘கூட ஒரு அடுக்கு, கூடத் தடுப்பு’ என்ற நினைப்பு. நடப்பது நேர்மாறு. சுவர் மூன்றாகி, காற்றிடைவெளி இரண்டாகப் பிளந்து சிறுத்து, ஸ்பிரிங் விறைத்து, அடித்தொனி முன்பைவிடத் தாராளமாக வெளியேறும். செங்கல்லைப் பார்த்த முகத்தைத் திறந்தே விட்டு, அங்கே அடிக்க நினைத்த போர்டையும் உள்முகத்திலேயே அடித்தால் அதே செலவில் எத்தனையோ மேல்.

இடம்தான் இதற்குக் கொடுக்கும் விலை. 4-க்கு 3 மீட்டர் அறையில் பக்கத்துக்கு 15 சென்டிமீட்டர் போனால் 12 சதுர மீட்டர் 10 ஆகிவிடும். டிரம்ஸ் வாசிப்பவருக்கும் ஆம்ப்ளிஃபயரைத் திருகி வைப்பவருக்கும் இது நியாயமான விலை. குரல் மட்டும் பதிபவர் இதில் இறங்குவதை நான் தடுக்கத்தான் பார்ப்பேன். குரலில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே தடுக்க வேண்டிய சரக்கே இல்லை.

காற்று: நான்கு வழிகள்

சும்மா இருப்பதும் ஒரு வழிதான். 30 கனமீட்டர் அறையில் ஒரே ஆள் என்றால் மணிக்கு 600 பிபிஎம் ஏறும். முக்கால் மணி நேரம் பதிந்து, கதவைத் திறந்து பத்து நிமிடம் ஆற விட்டு, மறுபடி உட்காரலாம். வாரத்துக்கு ஒரு பாட்காஸ்ட் பதிபவருக்கு இது போதும் என்று சொல்ல எனக்குக் கூச்சமில்லை. இரண்டு பேர், மூன்று மணி நேரம் என்றால் போதாது.

ஸ்பிளிட் ஏசி மட்டும் மாட்டிக்கொள்வது இரண்டாவது வழி. அதிகம் பேர் செய்வதும் அதிகம் பேர் ஏமாறுவதும் இங்கேதான். ஸ்பிளிட் ஏசி அறைக் காற்றையே திரும்பத் திரும்பச் சுற்றிக் குளிர்விக்கிறது. வெளியிலிருந்து ஒரு சொட்டுக் காற்றைக்கூட உள்ளே கொண்டுவராது. குளுகுளுவென்று இருப்பதால் மூச்சு முட்டுவதே தெரியாமல் போகும், தலைவலி மட்டும் வரும். டேக்குக்கு, அதாவது ஒரு தடவைப் பதிவுக்கு, முன்னால் அணைத்தாலும் சும்மா இராது. குளிர்ந்த பிளாஸ்டிக் உறை சூடாகும்போது ‘டிக்... டிக்’ என்று சொடுக்கும். தண்ணீர்க் குழாயில் சொட்டு விழும். அந்தக் குழாய் போகும் ஓட்டையைச் சரியாக அடைக்கவில்லை என்றால் தெருச் சத்தமும் அதே வழியில் வரும். வெப்பத்துக்கு ஏசி வேண்டும், மறுக்கவில்லை: உட்கார்ந்திருக்கும் ஆள் ஒருவரே 100 வாட் ஹீட்டர் மாதிரி. ஆனால் மூச்சுக்கு வேறு ஏற்பாடு வேண்டும்.

மூன்றாவது, தடுப்புப் பெட்டி வழியாகக் காற்றை இழுக்கும் ஃபேன். நான் கட்சி சேர்வது இதனோடுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஆளுக்கு வினாடிக்கு 10 லிட்டர் புதுக்காற்று என்று வைத்துக்கொண்டால் இரண்டு பேருக்கு 20 லிட்டர். இதை 10 சென்டிமீட்டர் வட்டக் குழாயில் அனுப்பினால் காற்று வினாடிக்கு இரண்டரை மீட்டர் வேகத்தில் ஓடும். கிரில்லில் ‘உஸ்ஸ்’ கேட்கும். அதே காற்றை 20-க்கு 20 சென்டிமீட்டர் வாயில் விட்டால் வேகம் அரை மீட்டர். வேகம் இரட்டிப்பானால் இரைச்சல் 15 டெசிபலுக்குக் குறையாமல் ஏறும் என்பதால், இந்த ஐந்து மடங்கு வித்தியாசம்தான் காதில் விழுவதற்கும் விழாததற்கும் நடுவே நிற்கிறது. பெரிய வாய், மெதுவான காற்று. ஒலிப்பதிவு அறைகளுக்குக் கேட்கப்படும் என்.சி. (அறையின் பின்னணி இரைச்சலை அளக்கும் அளவுகோல்; எண் குறையக் குறைய அமைதி) 15 முதல் 20 வரையிலான அமைதி வேறு எப்படியும் கிடைக்காது.

பெரிய வாய் என்றால் பெரிய ஓட்டை; சத்தமும் அதன் வழியாகத்தானே வரும்? அதற்காகத்தான் பெட்டி. 18 மில்லிமீட்டர் பிளைவுட் இரண்டடுக்கு, உள்ளே நாலாபக்கமும் 5 சென்டிமீட்டர் ராக்வூல் என்ற கல்இழைப் பஞ்சு, அது தூள் தூளாகக் காற்றில் கலக்காதபடி மேலே மெல்லிய கறுப்புத் துணி. காற்று நேராகப் போக முடியாது. மூன்று நான்கு முறை செங்குத்தாகத் திரும்பித்தான் போக வேண்டும். காற்றுக்கு வளைவு பொருட்டில்லை. ஒலி ஒவ்வொரு திருப்பத்திலும் பஞ்சில் முட்டி மெலியும். பஞ்சு போக மிஞ்சும் வழி எந்த இடத்திலும் 20-க்கு 20-ஐவிடச் சுருங்கக் கூடாது. என் முதல் தடுப்புப் பெட்டியில் ஒரே ஒரு திருப்பத்தில் 12 சென்டிமீட்டராகக் குறுகிவிட்டது, அந்த இடம் விசிலடித்தது. உள்ளே வர ஒன்று, வெளியே போக ஒன்று என இரண்டு பெட்டி கட்டாயம். ஒன்று மட்டும் வைத்தால் காற்று கதவிடுக்கைத் தேடும்; இறுக்கிய ரப்பர் சீழ்க்கை போடும்.

ஃபேன் அறைக்குள் இருக்கவே கூடாது, பெட்டிக்கு வெளிப்பக்கம்தான். சின்ன ஃபேனை முழு வேகத்தில் ஓட்டுவதா, பெரிய ஃபேனைப் பாதி வேகத்தில் ஓட்டுவதா என்றால் இரண்டாவதுதான்: வேகம் பாதியானால் காற்றும் பாதிதான், ஆனால் இரைச்சல் ஏறக்குறைய 15 டெசிபல் இறங்கும், மின்சாரம் எட்டில் ஒரு பங்காகும். விளக்கு மங்கவைக்கும் ரெகுலேட்டரை ஃபேனுக்குப் போடாதீர்கள், மோட்டார் முனகும். நான் ஃபேனை முதலில் சுவரிலேயே திருகி வைத்தேன். காதுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஹெட்ஃபோனில் ஏற்றிக் கேட்டபோது ஒவ்வொரு மௌனத்திலும் மெல்லிய ‘ஊம்’. சுவரே அதிர்ந்துகொண்டிருந்தது. ரப்பர் பட்டையில் தொங்கவிட்டு, குழாய்க்கு நடுவே துணி மாதிரி வளையும் ஒரு துண்டைச் சேர்த்ததும் போய்விட்டது.

நான்காவது வழி, வெப்பமும் ஈரமும் மீட்கும் காற்றுப் பரிமாற்றி, இ.ஆர்.வி. என்பார்கள். வெளியேறும் காற்றின் குளிர்ச்சியை உள்ளே வரும் காற்றுக்குக் கைமாற்றிவிடும், ஏசியின் சுமை குறையும், வடிகட்டியும் உண்டு. காகிதத்தில் இதுதான் வெற்றியாளர். ஆனால் இதற்குள் இருப்பதும் ஃபேன்தான், அதனால் தடுப்புப் பெட்டிகள் இல்லாமல் இதுவும் ஒப்பேறாது. நாளுக்கு எட்டு மணி நேரம் உள்ளேயே கிடப்பவர்கள், வெளியே கொளுத்தும் புழுக்கமோ உறையும் குளிரோ இருக்கும் ஊர்க்காரர்கள் வாங்கலாம். மாலையில் ஒரு மணி நேரம் பாடிப் பதிபவருக்கு அந்தப் பணம் நல்ல கதவுக்குப் போகட்டும்.

எதோடு எதைச் சேர்ப்பது

குரல், பாட்காஸ்ட், மெல்லிய கருவிகள்: இறுக்கிய செங்கல் அறை, இரண்டு தடுப்புப் பெட்டிகள், ஒரு சோம்பேறி ஃபேன். தடுப்பு 50-ஐ ஒட்டி நிற்கும் சுவரில் பெட்டிகளையும் அதே அளவுக்குக் கொண்டுவருவது தச்சு வேலை தெரிந்தவருக்கு எட்டும் காரியம். வாடகை வீடு: பெட்டி அறை, ஆனால் 1.2 மீட்டருக்குப் பதில் முடிந்த மட்டும் பெரிதாக, நீள அகலம் ஒன்றாக இல்லாமல். ஃபேன் இல்லாத பெட்டியை வாங்கவே வாங்காதீர்கள்.

டிரம்ஸ் என்றால் அறைக்குள் அறை, பரிமாற்றி, ஏசி மூன்றும். அங்கே காற்றுக்கு இரட்டைப் பெட்டி வேண்டும்: ஒன்று உள்சுவரோடு, இன்னொன்று வெளிச்சுவரோடு, நடுவே வளையும் குழாய். ஒரே பெட்டியை இரண்டு சுவரிலும் தொடும்படி வைத்தால், பாடுபட்டுப் பிரித்து வைத்த சுவர்களைப் பெட்டியே மறுபடி கட்டிப்போட்டுவிடும். சட்டம் அடித்த பிறகு இதற்கு இடம் தேடி அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கூரையின் மூலையில், போர்டு ஏறுவதற்கு முன்பே, பெட்டிக்கான இடத்தைச் சாக்பீஸால் வரைந்துவிட வேண்டும்.

என் அறையில் இப்போது கிரில்லில் ஒரு டிஷ்யூ காகிதத் துண்டு ஒட்டியிருக்கிறது. ஃபேன் ஓடுகிறதா என்று காதால் கண்டுபிடிக்க முடியாததால், காகிதம் சாய்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறேன். போன மாதம் ஒரு டேக்கில் விடாமல் ஏதோ துடித்தது. ஃபேனை அணைத்தேன், ஏசியை அணைத்தேன், நிற்கவில்லை. அரை மணி நேரம் தேடிக் கடைசியில் பிடித்தேன்: என் கைக்கடிகாரம். இப்போது அதைக் கழற்றி வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே போகிறேன்.