கார்பெட் க்ளீனிங்: அந்தத் தண்ணி டேங்கைப் பார்த்தப்புறம்

பெரம்பூர்ல எங்க ஹால்ல எட்டுக்கு அஞ்சு அடி கம்பளி கார்பெட். பையனுக்குக் காலையில எழுந்ததும் வரிசையா தும்மல். தினமும் பெருக்குறோமே, போதும்னு இருந்துட்டேன். போன வாரம்தான் வீட்டுக்கே வந்து சுத்தம் பண்றவங்களைக் கூப்பிட்டேன்.

முதல்ல ரெண்டு பக்கமும் வாக்குவம். திருப்பிப் போட்டப்ப தரையில மாவு சலிச்ச மாதிரி மணல்! அப்புறம் ஷாம்பூ போட்டுத் தேய்ச்சு, மெஷினால உறிஞ்சினாங்க. டேங்க்ல நின்ன தண்ணி டிகாக்ஷன் கலர். அதுமேலதான் என் புள்ள குப்புறப் படுத்து ஹோம்வொர்க் எழுதுவான். மனசே ஆறல.

வேலை சுத்தம், குறை ஒண்ணுதான். நாலு மணி நேரத்துல காஞ்சிடும்னாங்க. ராத்திரி அடியில தொட்டா சில்லுனு இருக்கு. நம்ம ஊர் ஈரக்காத்துல எப்படிக் காயும்? ரெண்டு நாற்காலி மேல தூக்கிப் போட்டு, விடிய விடிய ஃபேன் ஓட்டி, மறுநாள் மதியம்தான் காஞ்சது. ஈரம் நின்னா பூஞ்சை பிடிக்கும். கண்ணுக்குத் தெரியாத தூசி உண்ணிக்கும் ஈரப்பதம்தான் வாழ்வு. ஐப்பசி, கார்த்திகை மழையில தயவுசெஞ்சு இந்த வேலை வேண்டாம்.

பையனுக்குத் தும்மல் இப்ப ரெண்டு மூணோட நிக்குது. பங்குனி வெயில்ல மறுபடி கூப்பிடுவேன்.