அகோயாவா, நன்னீர் முத்தா? முதல் சரம் வாங்கும் முன்

இரண்டு முத்துச் சரங்களை ஜன்னலோரம் ஒரு வெள்ளைத் துணி மேல் பக்கத்தில் பக்கத்தில் கிடத்திப் பாருங்கள். ஒன்று ஜப்பானின் அகோயா என்ற கடல் முத்து, இன்னொன்று சீனாவின் நன்னீர் முத்து. இரண்டும் 7 மில்லிமீட்டர், இரண்டும் வெள்ளை, இரண்டும் உருண்டை. எட்ட நின்றால் எது எதுவென்று சொல்வது கஷ்டம். குனிந்து ஒரே ஒரு முத்தை உற்றுப் பார்த்தால் பிடிபடும். அகோயாவில் ஜன்னல் சட்டம் கோடு கிழித்தது போல விழுந்திருக்கும். எட்டிப் பார்க்கிற உங்கள் தலையும் குட்டியாகத் தெரியும். நன்னீர் முத்தில் அதே ஜன்னலின் ஓரங்கள் கரைந்து, ஈரத்தாளில் மை ஊறினாற்போல இருக்கும்.

அகோயாவின் விலை பல மடங்கு ஏறி நிற்பதற்கு அந்த ஜன்னல் ஒரு முக்கியமான காரணம். அவ்வளவு கொடுக்கலாமா? என் பதிலை இப்போதே சொல்லிவிடுகிறேன். அடிக்கடி போடுகிற சரத்துக்கு வேண்டாம். வருடத்தில் நாலைந்து முறை மட்டும் எடுத்துப் போடுகிறவருக்குக் கொடுக்கலாம். ஏன் இப்படிப் பிரிக்கிறேன் என்பது முத்தின் உள்ளே இருக்கிறது.

அதற்கு முன் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். ‘வளர்ப்பு முத்து’ என்றாலே போலி என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். போலி என்பது கண்ணாடி மணிக்கோ பிளாஸ்டிக் மணிக்கோ மேல்பூச்சு கொடுத்தது. வளர்ப்பு முத்து சிப்பிக்குள் சிப்பியே செய்தது. தொடக்கி வைப்பது மட்டும்தான் மனிதக் கை. இயற்கை முத்தையும் வளர்ப்பு முத்தையும் வெறும் கண்ணால் பிரித்துச் சொல்ல முடியாது, உறுதியாகச் சொல்ல ஆய்வகத்தில் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். இன்று கடைகளில் இருப்பவை ஏறக்குறைய எல்லாமே வளர்ப்பு முத்துகள்தான். ஜப்பானில் மிகிமோட்டோ கோகிச்சி 1893-ல் அரைக்கோள முத்து ஒன்றை வளர்த்தெடுத்தார். முழு உருண்டை முத்துக்கான வழி அதற்குச் சில ஆண்டுகள் கழித்து வந்தது. அந்த முறைக்கு இன்றும் மிசே, நிஷிகாவா என்ற இருவரின் பெயர்தான்.

அகோயாவுக்கு அந்த முறைதான். நன்னீர் மட்டியின் தடித்த ஓட்டிலிருந்து கடைந்தெடுத்த ஒரு உருண்டை மணியைச் சிப்பிக்குள் வைப்பார்கள். காலங்காலமாக இந்த மணிக்கான ஓடு அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பகுதியிலிருந்து ஜப்பானுக்குப் போகிறது. மணியோடு சேர்த்து, வேறொரு சிப்பியின் ஓட்டை ஒட்டியிருக்கும் மென்சதையில் ஒரு துணுக்கையும் வைக்க வேண்டும். மணியின் மேல் முத்துப் படலத்தைச் சுரப்பது அந்தச் சதைதான். அது இல்லாவிட்டால் மணி மணியாகவே கிடக்கும். ஒன்று, ஒன்றரை வருடம் கழித்து எடுக்கும்போது மணியின் மேல் படிந்திருக்கும் முத்துப் படலம் பெரும்பாலும் அரை மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். அதாவது 7 மில்லிமீட்டர் அகோயாவில் ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் உள்மணி.

சீன நன்னீர் முத்தில் வழக்கமாக மணியே கிடையாது. மட்டிக்குள் சதைத் துணுக்கு மட்டும் வைக்கிறார்கள், அதுவும் ஒரே மட்டியில் முப்பது, நாற்பது. சில வருடம் ஏரியிலோ குளத்திலோ கிடந்து முற்றுகிறது. வெட்டிப் பார்த்தால் நடுவரை முத்துப் படலம்தான். உள்ளே உருண்டை இல்லாததால் வடிவம் அதன் இஷ்டம்: அரிசி மாதிரி, உருளைக்கிழங்கு மாதிரி, பொத்தான் மாதிரி. அறுவடையில் கச்சிதமான உருண்டை கொஞ்சம்தான் தேறும். மலிவாக இருப்பது தரக்குறைவால் அல்ல. ஒரு மட்டி இத்தனை முத்து கொடுக்கிறது என்பதால்தான்.

முத்தே அதிகம் உள்ள முத்து மங்கலாகவும், மேலே மட்டும் படலம் உள்ளது கண்ணாடியாகவும் இருப்பது வேடிக்கைதான். படலத்தின் தடிமனும் பளபளப்பும் ஒன்றல்ல. படலம் என்பது மைக்ரானுக்கும் குறைந்த கனமுள்ள சுண்ணாம்புத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது. அடுக்கு எவ்வளவு நெருக்கமோ, சீரோ, அவ்வளவு கூர்மையாகப் பிம்பம் விழும். குளிர்ந்த நீரில் சிப்பி மெதுவாகச் சுரக்கும், தகடுகள் மெல்லிசாக நெருங்கிப் படியும். அதனால்தான் அகோயாவைக் குளிர்காலத்தில் எடுக்கிறார்கள்.

அந்த அழகுக்கு ஒரு விலை உண்டு. எனக்கு அது ஒரு ஜோடித் தோட்டில் தெரிந்தது. அட்டையில் ‘ஏஏஏ’ என்று பொன்னெழுத்தில் போட்டிருந்தது. சென்ட் அடித்துக்கொண்டு கிளம்புகிற பழக்கம் எனக்கு. சில வருடத்தில் கம்பி நுழைகிற துளையைச் சுற்றிப் படலம் செதிலாகப் பெயர்ந்து, உள்ளே வெளுத்த மணி எட்டிப் பார்த்தது. தப்பில் பாதி என்னுடையது. மீதிப் பாதி, அந்த மூன்று எழுத்தை நம்பியது. ‘ஏஏஏ’ தரத்துக்கு உலகப் பொதுவான அளவுகோல் எதுவும் இல்லை. ஒவ்வொரு விற்பனையாளரும் தன் கணக்குப்படி போட்டுக்கொள்வதுதான்.

இப்போது அகோயாவைக் கையில் எடுத்தால் இரண்டு காரியம் செய்கிறேன். முதலில் விளக்குக்கு முன்னால் முத்தை மெதுவாக உருட்டுகிறேன். படலம் மெல்லிசாக இருந்தால் உள்மணியின் பட்டைகள் தெரிந்து, முத்து ஒரு பக்கம் பளிச், மறுபக்கம் மங்கல் என்று கண் சிமிட்டும். அடுத்து, துளை வாயை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்க்கிறேன். படலமும் மணியும் சேருகிற இடத்தில் ஒரு கோடு இருக்கும்; கோட்டுக்கு வெளியே எவ்வளவு கனம் என்று அங்கேயே தெரிந்துவிடும். துளையைச் சுற்றி நிறம் மட்டும் அடர்ந்து திட்டாக இருந்தால் சாயம் ஏற்றியது. கறுப்பு நிறத்தில் வரும் அகோயாவும் நன்னீர் முத்தும் செயற்கையாக நிறம் ஏற்றியவையே என்று எடுத்துக்கொள்ளலாம். வெள்ளை அகோயாவைக்கூட வழக்கமாக வெளுத்துத்தான் விற்கிறார்கள். அது குற்றமில்லை, சொல்லிவிட்டு விற்க வேண்டும், அவ்வளவுதான்.

பல்லில் உரசிப் பார்ப்பது? நறநற என்றால் முத்து, வழுவழு என்றால் போலி. சரிதான், ஆனால் இயற்கையா வளர்ப்பா என்று பல் சொல்லாது. அதைவிட இரண்டு முத்தை ஒன்றோடொன்று லேசாக உரசினாலே போதும்.

தஹிதியும் தென்கடல் முத்தும் வேறு வகுப்பு. பிரெஞ்சு பாலினேசியாவின் கறுப்பு உதட்டுச் சிப்பி தருவது தஹிதி முத்து. அந்தச் சாம்பலும் பச்சையும் மயில்கழுத்து நிறமும் பிறவி நிறங்கள். ஆஸ்திரேலியா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் பக்கத்துப் பெரிய சிப்பி தருவது தென்கடல் முத்து. வெள்ளி நிறத்திலும் தங்க நிறத்திலும் 10 மில்லிமீட்டருக்கு மேல் சாதாரணமாக வரும். இரண்டிலும் மணி உண்டு, ஆனால் படலம் அகோயாவைவிடத் தடிமன். முழுச் சரமாக வாங்குவதைவிட ஒற்றை முத்துப் பதக்கமாக வாங்குவதே புத்திசாலித்தனம் என்பேன். ஒரே அளவில், ஒரே நிறத்தில் நாற்பது முத்து சேர்ப்பதற்கான கூலி அந்தச் சரத்தின் விலையில் ஏறியிருக்கும்.

போடுவதில் எது எதற்கு?

நீளத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். 16 அங்குலம் கழுத்தடியிலேயே நிற்கும். அகல வெட்டுக் கழுத்துக்கு அழகு, காலர் வைத்த சட்டைக்குள் ஒளிந்துகொள்ளும். 18 அங்குலம் காறை எலும்புக்குச் சற்றுக் கீழே இறங்கும். ஒரே ஒரு சரம்தான் என்றால் கண்ணை மூடிக்கொண்டு 18. முப்பது அங்குலத்துக்கு மேல் போகிற நீளச் சரத்தை மடக்கி இரட்டையாகவும் போடலாம், கழுத்து ஏறிய உடைக்கு ஒற்றையாகத் தொங்கவும் விடலாம். அதை நன்னீர் முத்தில்தான் வாங்க வேண்டும். அசையும்போது பொத்தானிலும் மேசை விளிம்பிலும் இடிபடுகிற சரத்தில் அகோயா போட எனக்கு மனசு வராது. மோதிரத்துக்கும் வளையலுக்கும் இதே கதை. மோஸ் அளவில் முத்தின் கடினம் 2.5 முதல் 4.5 வரைதான், வீட்டுத் தூசியில் கலந்திருக்கும் குவார்ட்ஸ் துகளோ 7. மேசையில் தேய்கிற கைக்கு நடுவரை படலம் உள்ள முத்துதான் தாங்கும். தோட்டுக்கு அகோயா பரவாயில்லை, காதில் உரசல் குறைவு. அங்கே எதிரி சென்ட்தான்.

நிறத்தில் பளீர் வெள்ளையே உசத்தி என்பது எனக்கு ஒப்பவில்லை. மாநிறத்திலும் கறுத்த தோலிலும் வெளுத்து எடுத்த வெள்ளை சில சமயம் பிளாஸ்டிக் போலத் தெரியும். கிரீம், பீச், லேசான பொன் சாயல் தோலோடு இழைந்து நிற்கும். கடை விளக்கை நம்பாமல், வெளிச்சத்துக்கு வந்து தாடை ஓரம் பிடித்துப் பாருங்கள். அப்புறம், மாலை, தோடு, வளையல், மோதிரம் என்று ஒரே செட்டாக மாட்டிக்கொண்டால் சீருடை மாதிரி ஆகிவிடுகிறது. சரம் போட்ட நாளில் காதுக்கு வேறேதாவது போடலாம். கோணல்மாணலான முத்துகள் இந்த விஷயத்தில் கைகொடுக்கும். சாதாரணச் சட்டைக்கும் பொருந்தும், விலையும் குறைவு, இரண்டு முத்து ஒரே மாதிரி இருக்காது.

எந்த வகையானாலும் சென்ட், முடி ஸ்பிரே எல்லாம் முடிந்த பிறகு கடைசியாகப் போடுங்கள், வீடு வந்ததும் முதலில் கழற்றுங்கள். அமிலம் பட்டால் சுண்ணாம்பு கரையும். வியர்வைகூடக் கொஞ்சம் அமிலம்தான். மெல்லிய துணியை லேசாக ஈரமாக்கித் துடைத்தால் போதும், தண்ணீரில் ஊறவைத்தால் பட்டு நூல் தொய்ந்துவிடும். மாட்டி வைக்காமல் துணிப்பையில் கிடத்தி வையுங்கள். நல்ல சரத்தில் ஒவ்வொரு முத்துக்கும் நடுவே ஒரு முடிச்சு இருக்கும், நூல் அறுந்தாலும் உருண்டோடப் போவது ஒரு முத்துதான். இரண்டு முடிச்சுக்கு நடுவே ஒரு முத்தை விரலால் தள்ளிப் பாருங்கள். முன்னும் பின்னும் ஓடினால் சரத்தைப் புதிதாகக் கோர்க்கக் கொடுக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.